மிதிவெடி மண்ணின் தொழிலாளர்

வன்னியின் வரலாற்றை எழுதப் புகுந்தோர் முதலில் வன்னியரசர்களைப் பற்றி எழுதினர். பின்வந்தோர் போர்களைப் பற்றி எழுதினர். காடு வெட்டியவனும் குளங்கட்டியவனும் அவ்வேடுகளில் பெயரின்றியே நிற்கின்றனர். 1902ஆம் ஆண்டு தொடங்கிப் பல்லாண்டுகள் இரணைமடு அணைக்கட்டுக்கு மண் சுமந்த கூலியாட்களின் பெயர்களை இன்று எவர் அறிவார்? நீர் நிற்கிறது, நெல் விளைகிறது, சுமந்தவன் மட்டும் மறைந்துபோனான். நம் காலத்திலும் அத்தகையதொரு தொழிலாளர் கூட்டம் அம்மண்ணில் உழைத்து வருகிறது. மிதிவெடி அகற்றும் பணியாளரின் வரலாறு, அவர்கள் உயிரோடிருக்கும் காலத்திலேயே எழுதப்படல் வேண்டும்.

வெடிகள் அம்மண்ணுக்கு வந்த கதை நீண்டது. போரில் ஈடுபட்ட இருதரப்பாரும் அவற்றைப் புதைத்தனர். 2000 ஏப்ரலில் ஆனையிறவுப் படைத்தளம் வீழ்ந்தபின், கிளாலி, முகமாலை, நாகர்கோவில் வழியே போர்முனை ஒன்று நிலைகொண்டது. 2009 ஜனவரி வரை, ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள், இரு படைகளும் அங்கே எதிரெதிர் நின்றன. தென்னையும் பனையும் நின்ற காணிகளில் வெடிகள் வரிவரியாக விதைக்கப்பட்டன.

2002 பெப்ரவரியில் போர்நிறுத்தம் ஏற்பட்டதும் வெடியகற்றும் பணி பெருமளவில் தொடங்கிற்று. மீண்டும் போர் மூண்டபோது புதிய வெடிகள் புதைந்தன. 2009 மே மாதத்தில் போர் முடிந்தபோது ஏறத்தாழ மூன்று இலட்சம் மக்கள் முகாம்களில் அடைபட்டிருந்தனர். அவர்களுள் மிகப் பலரைக் கொண்டிருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரிலேயே மூடப்பட்டது. ஊர் திரும்ப வேண்டுமானால் முதலில் வெடியகல வேண்டும். மக்கள் காத்திருக்கின்றனர், விரைந்து முடிக்க வேண்டும் என்னும் கட்டாயம் ஒருபுறம். ஒரு சாண் நிலத்தையும் பாராது விடலாகாது என்னும் கட்டாயம் மறுபுறம். இவ்விரண்டு கட்டளைகளுக்கும் நடுவே முழந்தாளிட்டு அமர்ந்தவரே இத்தொழிலாளர்.

அவர்களுடைய சலிப்பின் வேர் எங்கே இருக்கிறது என்பதை அறியக் கருவியின் வரலாற்றைச் சற்றே பார்த்தல் நன்று. இரண்டாம் உலகப் போரின்போது போலந்து நாட்டுப் பொறியியலாளர் யூசெப் கோசாட்ஸ்கி, கையில் ஏந்திச் செல்லத்தக்க உலோகங்காணும் கருவியொன்றை அமைத்தார். 1942இல் எல் அலமைன் போரில் அது பயன்பட்டது. உடனே மறுபக்கம் சும்மா இருக்கவில்லை. ஜெர்மானியர் மரப்பெட்டியிலும் பின்னர் கண்ணாடியிலும் வெடிமருந்தை அடைத்தனர். அதன்பின் பிளாஸ்டிக் வந்தது. கண்டுபிடிக்கும் அறிவும் மறைக்கும் அறிவும் ஒன்றையொன்று துரத்திய அந்த ஓட்டம் கடைசியில் வன்னியில் வந்து நின்றது. அரச படையினர் புதைத்த பாகிஸ்தான் தயாரிப்பான பி-4 வகை மிதிவெடி பிளாஸ்டிக் உறையினது. அதில் உள்ள உலோகம் மிகச் சிறிது. விடுதலைப் புலிகள் செய்த ஜொனி மிதிவெடியோ மரப்பெட்டியில் அமைந்தது.

இதன் விளைவு யாது? ஆண்டுக்கணக்காகக் குண்டு பொழிந்த நிலத்தில் எறிகணைச் சிதறல்களும் தோட்டாக் கோதுகளும் முட்கம்பித் துண்டுகளும் நிறைந்து கிடக்கின்றன. கருவி அவை ஒவ்வொன்றுக்கும் கூவுகிறது. உயிரைக் கொல்லும் பொருளுக்கோ மெல்ல முனகுகிறது. அற்பத்துக்கு அலறி ஆபத்துக்கு அடங்கிப்போகும் கருவியைக் கையில் வைத்துக்கொண்டு நாள்முழுதும் உழைப்பவரின் மனநிலையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒலி எழுந்த ஒவ்வோரிடத்திலும் வெடியே இருப்பதாகக் கருதி மண்ணை மெல்ல மெல்ல அகற்றியாக வேண்டும். தொண்ணூற்றொன்பது முறை துருப்பிடித்த இரும்பு கிடைத்தாலும் நூறாவது முறை கவனம் தளரலாகாது. இலங்கையில் கருவிக்குப் பதிலாக இரும்பு வாரியைக் கொண்டு மேல்மண் முழுவதையும் சுரண்டி வாரும் முறை பரவலானதற்கு இதுவும் ஒரு காரணமாகும். கருவியால் ஆகாததை முதுகும் தோளும் செய்து முடிக்கின்றன.

பிற தொழில்களில் களைப்பு வந்தால் பிழை வரும், பிழையைத் திருத்திக்கொள்ளலாம். இங்கே களைப்பின் விலை கண்ணும் காலும் ஆகும். ஆகையால்தான் இத்தொழிலில் சிறுசிறு நேரத்துக்கொரு முறை ஓய்வு விதியாகவே வகுக்கப்பட்டுள்ளது. கனத்த மார்புக்கவசமும் முகமூடியும் அணிந்து, வன்னியின் பங்குனி சித்திரை வெயிலில் ஒரு மீட்டர் அகலப் பாதையில் அடியடியாக நகர்வோருக்கு அவ்வோய்வு சலுகையன்று. வேலையின் ஓர் உறுப்பாகும். களைப்பு தனிமனிதனின் பலவீனமன்று, வேலையின் அமைப்பிலிருந்து பிறப்பது என்னும் உண்மையை இவ்விதி ஒப்புக்கொள்கிறது. இதே உண்மையை ஆடைத் தொழிற்சாலையும் மருத்துவமனையும் அலுவலகமும் ஒப்புக்கொள்ள ஏன் தயங்குகின்றன? அங்கே களைப்பு வெடிப்பதில்லை. ஓசையின்றி மனிதரை அரிக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

1945இல் டென்மார்க்கின் கடற்கரையில் வெடியகற்றும் வேலை, தோற்ற ஜெர்மானியப் படைவீரர் மீது சுமத்தப்பட்டது. புதைத்த படையைச் சேர்ந்தவரே தோண்டினர். அவருள் பலர் மாண்டனர். வன்னியில் அவ்வேலைக்கு வந்தோருள் கணவரை இழந்து குடும்பச் சுமை ஏற்ற பெண்கள் பலர். போர் எவர் வீட்டைப் பறித்ததோ அவரே போரின் மிச்சத்தைப் பொறுக்குகின்றனர். அவர்களை வீராங்கனைகள் என்று புகழ்வது எளிது. ஆனால் புகழ்ச்சி பலவேளைகளில் கேள்வியை மூடும் துணியாகிவிடுகிறது. வீரத்துக்கு மாலை சூட்டுவோர், உழைப்புக்குரிய ஊதியத்தையும் எதிர்கால உறுதியையும் பற்றிப் பேச மறந்துவிடுகின்றனர்.

அவ்வெதிர்காலமே இன்றைய வினா. 2017 டிசம்பரில் இலங்கை மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இணைந்தது. அதன்படி நிலத்தைத் துப்புரவாக்கும் கெடு 2028 ஜூன் ஆகும். இப்பணி பெரும்பாலும் வெளிநாட்டு நிதியில் நடப்பது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு வெளிநாட்டு உதவிகளை இடைநிறுத்தியபோது உலகின் பல நாடுகளில் வெடியகற்றும் வேலை சில நாட்களுக்குள் நின்றது. எங்கோ இடப்படும் ஒரு கையொப்பத்தில் ஊசலாடும் தொழில் இது. நிதி நின்றாலும் வேலை போகும். நிலம் துப்புரவானாலும் வேலை போகும். தாம் எவ்வளவு நன்றாக உழைக்கின்றனரோ அவ்வளவு விரைவில் தம் பிழைப்பையே முடித்துக்கொள்ளும் தொழிலாளர் இவரையன்றி வேறு எவர்?

நிலம் உழவனிடம் திரும்பும் நாளில் அதை மீட்டவருக்கும் வாழ வழி இருத்தல் வேண்டும். மாற்றுத்தொழிற் பயிற்சி, முழந்தாளும் முதுகும் தேய்ந்தவர்க்கு மருத்துவம், முதுமைக்கு ஓய்வூதியம் ஆகியவை தானமல்ல; அவர்கள் உழைத்து ஈட்டிய உரிமைகள். இரணைமடுவில் மண் சுமந்தவர்க்குச் செய்த அநீதி, முகமாலையில் மண் வாரியவர்க்கும் நேராதிருக்கக் குரல் கொடுப்பது நம் கடமையாகும்.