ஏரியை இழந்த மீன்

எங்கள் வீட்டுக் கூடத்தில் நான்கடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. விடைத்தாள் திருத்தி அலுத்துப்போன மாலைகளில் அதன் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்வது என் வழக்கம். சில ஆண்டுகளுக்கு முன் கொளத்தூரின் வண்ணமீன் கடை ஒன்றில் சாம்பல் நிறத்தில் ஆறு மீன்களை வாங்கினேன். பெயர் கேட்டபோது, "போசமணி சார். வளர வளரத்தான் கலர் வரும்" என்றார் கடைக்காரர். ஏதோ மணிவகை போலும் என்று எண்ணிக்கொண்டேன். அவர் சொன்னது பொய்க்கவில்லை. ஓராண்டு கழிந்ததும் ஆண் மீன்களின் தலைப்புறம் கருநீலமாகவும் வாற்புறம் செம்மஞ்சளாகவும் மாறின. காலை வெயில் சன்னல் வழியே விழும்போது அவை ஒன்றையொன்று சுற்றிவந்து செட்டை விரிக்கும் காட்சியைக் காணக் கண் போதாது.

ஆசை அங்கே நிற்கவில்லை. உடல் முழுதும் நீலம் பூத்த மற்றொரு வானவில் மீனையும் வாங்கி அதே தொட்டியில் விட்டேன். இரண்டும் சண்டையின்றிக் கூடி வாழ்ந்தன. தொட்டியின் பாசியில் முட்டைகள் தென்பட்டன. ஒரு வாரத்தில் கண்ணுக்குப் புலப்படாத அளவில் குஞ்சுகள் வந்தன. அரும்பாடுபட்டு ஒரு டசன் குஞ்சுகளைப் பிழைக்க வைத்தேன். வளர்ந்தபின் அவை தாயின் நிறத்திலும் இல்லை, தந்தையின் நிறத்திலும் இல்லை. மீன் வளர்ப்பில் தேர்ந்த முன்னாள் மாணவர் ஒருவர் அவற்றைப் பார்த்துவிட்டு, "ஐயா, இவற்றை உங்களோடே வைத்துக்கொள்ளுங்கள்; யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள்" என்றார். ஏன் என்ற கேள்விக்கு விடை தேடப் போய்த்தான் இக்கட்டுரையில் வந்து நிற்கிறேன்.

வானவில் மீன்களின் தாயகம் ஆஸ்திரேலியாவும் நியூகினித் தீவும். அறிவியல் அறிந்த முதல் வானவில் மீனை 1843-இல் ஜான் ரிச்சர்ட்சன் விவரித்தார். பக்கவாட்டில் ஓடும் கருங்கோட்டைக் கண்ட தியோடர் கில் என்ற அமெரிக்கர், 1862-இல் இவ்வினத் தொகுதிக்கு 'மெலனோடீனியா' என்று பெயரிட்டார். 'கரும்பட்டை' என்பது அக்கிரேக்கப் பெயரின் பொருள். வானவில்லின் நிறங்களையெல்லாம் தாங்கிய மீனுக்குக் கரும்பட்டை என்ற பெயர் வாய்த்தது ஒரு முரண்தான். சாராயத்தில் ஊறிய மீனில் நிறம் தங்குவதில்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

மீனை உயிரோடு வைத்துப் பார்க்கும் கலையும் ஏறத்தாழ அதே காலத்தில்தான் உருவாயிற்று. 1850-இல் இலண்டன் வேதியியலாளர் ராபர்ட் வாரிங்டன், மீனும் நீர்ச்செடியும் நத்தையும் ஒரே கண்ணாடிக் கலத்தில் ஒன்றையொன்று வாழவைக்கும் முறையை விளக்கினார். 1853-இல் இலண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் பொதுமக்களுக்கான மீன் இல்லம் திறக்கப்பட்டது. கண்ணாடித் தொட்டி ஐரோப்பியக் கூடங்களுக்குள் நுழைந்தது. 1920-களின் இறுதியில் ஆஸ்திரேலிய வானவில் மீன்களும் கப்பலேறி ஜெர்மனியை அடைந்தன.

இனி, நம் 'போசமணி'யின் கதைக்கு வருவோம். மரினஸ் போசெமன் என்பவர் ஹாலந்தின் லைடன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த மீனியல் அறிஞர். 1950-களின் நடுவில், அன்று டச்சு ஆட்சியிலிருந்த மேற்கு நியூகினியின் அயமாரு ஏரிகளில் அவர் சில மீன்களைப் பிடித்துக் கொண்டுசென்றார. கால் நூற்றாண்டு அவை குப்பிகளில் பெயரின்றிக் கிடந்தன. 1980-இல் ஜெரால்ட் ஆலன், நார்பெர்ட் கிராஸ் என்ற இருவர் அவற்றைத் தனி இனமென்று கண்டு, பிடித்தவரின் பெயரையே சூட்டினர். 1982-இல் ஆலனும் ஹைகோ ப்ளெஹர் என்ற மீன் தேடியும் அவ்விடம் சென்று உயிருள்ள மீன்களைப் பிடித்தனர்.

பிறகு நடந்ததை ஊகிப்பது கடினமன்று. நிறம் ஆணுக்கே உரியது என்பதால் ஆண் மீன்களை மட்டுமே வணிகர் விரும்பினர். 1989 அளவில் மாதந்தோறும் ஏறத்தாழ 60,000 ஆண் மீன்கள் அப்பகுதியிலிருந்து பிடிக்கப்பட்டதாக ஆலன் பதிவுசெய்திருக்கிறார். பெயர் பெற்றுப் பத்தாண்டுகூட நிறையாத இனம் அது! இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் பண்ணைகளில் பிறந்தவை. ஏரியில் வாழ்பவையோ அழிவின் அபாயத்திலுள்ள இனங்களின் பட்டியலில் இடம்பெற்றுள்ளன. இத்தனைக்கும் உலகின் எத்தனையோ வீட்டுக் கூடங்களில் அவை நீந்துகின்றன.

தமிழிலக்கணம் பயின்றவர்களுக்கு இவ்விடத்தில் ஒரு கேள்வி எழும். நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்தில் பிறந்து வாழ்பவை கருப்பொருள். ஒரு பறவையையோ மரத்தையோ சொன்ன மாத்திரத்தில் திணை விளங்கிவிடும். நிலம் அழிந்து கருப்பொருள் மட்டும் எஞ்சினால் அது எதைச் சுட்டும்?

இக்கேள்வி வெறும் கற்பனையன்று என்பதற்கு ஈச்சம் ஏரியே சான்று. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில், ஆதர்ட்டன் மேட்டுநிலத்தில் உள்ள எரிமலை வாய் ஏரி அது. ஆறு எதுவும் வந்து சேர்வதுமில்லை, புறப்படுவதுமில்லை. அப்பகுதித் தொல்குடியினரிடம் ஏரி பிறந்த கதை ஒன்று வழங்கிவந்தது. இளைஞர் இருவர் விலக்கப்பட்ட செயலைச் செய்து வானவில் பாம்பின் சினத்துக்கு ஆளாயினர். நிலம் நடுங்கிற்று, வானத்தின் நிறம் மாறிற்று, குடியிருப்பு நிலத்துள் அமிழ்ந்து நீரானது. 1960-களில் மொழியியலாளர் டிக்சன் இக்கதையைப் பதிவுசெய்தார். அன்று அங்கே மழைக்காடு இருக்கவில்லை, வெறும் திறந்த நிலந்தான் என்று கதை சொன்ன முதியவர் குறிப்பிட்டிருக்கிறார். ஏரிப் படிவுகளின் மகரந்தத்தை ஆராய்ந்தவர்கள், மழைக்காடு அங்கே பரவியது சுமார் 7,600 ஆண்டுகளுக்கு முன்புதான் என்று கண்டனர். வாய்மொழி இலக்கியத்தின் நினைவு எத்துணை நீண்டது!

அந்த ஏரியில் சிறியதொரு வானவில் மீன் வாழ்ந்தது. ஆலனும் கிராஸும் 1982-இல் அதனைத் தனி இனமாக விவரித்தனர். தன்னை விழுங்கக்கூடிய பெரிய மீன்களை அறியாமலே அது தலைமுறைகளைக் கழித்திருந்தது. அதே காலத்தையொட்டி யாரோ சிலர் வேறு நீர்நிலைகளின் மீன்களைக் கொணர்ந்து அங்கே விட்டனர். நீரைப் பீய்ச்சிப் பூச்சியை வீழ்த்தும் மீனும், பெருவாய் மீனொன்றும் அவற்றுள் அடங்கும். இவை அயல்நாட்டு மீன்களல்ல, அதே மாநிலத்தின் ஆறுகளுக்கு உரியவையே. ஆனால் இந்த ஏரிக்கு உரியவையல்ல. 1987-இல் வெளியான ஆய்வு, ஈச்சம் வானவில் மீன் இயற்கையிலிருந்து மறைந்துவிட்டதாகத் தோன்றுகிறது என்று அறிவித்தது. பெயரிட்டு ஐந்தே ஆண்டுகள்.

ஆயினும் அது முற்றிலும் அழியவில்லை. ஏரியிலிருந்து முன்னமே பிடித்துச்சென்ற மீன்களின் வழித்தோன்றல்கள் ஆஸ்திரேலிய மீன் ஆர்வலர் சிலரின் வீட்டுத் தொட்டிகளில் இருந்தன. பொழுதுபோக்கென்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் ஒன்று, ஓரினத்தின் கடைசிப் புகலிடம் என்று கருதப்படும் நிலைக்கு வந்தது. அத்தொட்டி மீன்களைப் பெருக்கி, 1980-களின் இறுதியில் ஆயிரக்கணக்கில் ஏரியில் விட்டுப் பார்த்தனர். முயற்சி தோற்றது. மீன் திரும்பினாலும் ஏரி பழைய ஏரியாக இல்லை. விழுங்கும் வாய்கள் அங்கேயே காத்திருந்தன.

கதையின் திருப்பம் 1990-களில் வந்தது. மரபணுவையும் உடலமைப்பையும் ஒப்பிட்டு ஆராய்ந்தவர்கள், அருகிலுள்ள சில ஓடைகளில் இதே இனம் வாழ்வதைக் கண்டனர். கிழக்கத்திய வானவில் மீன் என்ற பரவலான இனத்தோடு தோற்றத்தில் ஒத்திருந்ததால், கண்முன்னே இருந்தும் அடையாளம் காணப்படவில்லை. தொட்டி மீன் தன் உறவினரைக் கண்டுகொண்டது என்று மகிழலாம். ஏரிக்கு மட்டும் அது இன்றுவரை திரும்பவில்லை.

இந்தப் பாடம் வீணாகவில்லை. அதே மாநிலத்தில் 'ரன்னிங் ரிவர்' என்ற சிற்றாற்றுக்கே உரிய வானவில் மீன் ஒன்றுண்டு. அவ்வாற்றில் யாரோ கொண்டுவந்து விட்ட கிழக்கத்திய வானவில் மீன் அதனோடு கலந்து வருவது 2015-இல் தெரியவந்தது. இங்கே விழுங்கும் வாய் ஏதுமில்லை. உறவுகொண்டே ஓரினத்தை இல்லாமற் செய்யும் அழிவு இது. கான்பெரா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கலப்பற்ற மீன்களைத் தேர்ந்தெடுத்துத் தொட்டிகளில் பெருக்கினர். மீன் ஆர்வலர் சங்கங்கள் பொருளுதவி செய்தன. பிறகு, வானவில் மீன் எதுவும் இல்லாதிருந்த இரண்டு ஓடைகளில் அவற்றை விட்டனர். அவை அங்கே இனம் பெருக்கி நிலைகொண்டன.

என் முன்னாள் மாணவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் விளங்கியது. அயமாரு ஏரி மீனையும் குட்டுபு ஏரி மீனையும் நான் ஒரே தொட்டியில் இட்டேன். பின்னது பப்புவா நியூகினியின் மலைப்பகுதி ஏரி. நடுவே கடக்க இயலாத மலைகள் இருந்ததால் இவ்விரு இனங்களும் ஒன்றையொன்று கண்டதேயில்லை. யுகங்கள் காத்த இடைவெளியை என் அழகுணர்ச்சி ஒரே மாலையில் அழித்துவிட்டது. பெண் மீன்களைப் பார்த்து இனம் பிரித்தறிவது கடினம். என் கலப்புக் குஞ்சுகளில் ஒன்று வேறொருவர் தொட்டிக்குப் போயிருந்தால், அங்கிருந்த தூய வழியும் அவரறியாமலே கெட்டிருக்கும். ஈச்சம் ஏரி மீனை வளர்த்தவர்களும் என்னைப்போல் நடந்திருந்தால் 1987-க்குப் பின் காப்பாற்ற என்ன மிஞ்சியிருக்கும்?

ஆகவே பல இனங்கள் கூடி வாழும் தொட்டி கூடாது என்பதல்ல என் கருத்து. ஆறேழு வானவில் மீன்களோடு அடித்தளத்தில் மேயும் சிறு கெளுத்திகளும், சாந்தமான பிற மீன்களும் தாராளமாக வாழலாம். நீந்துவதற்கு நீளமும், துள்ளி வெளியே விழாதிருக்க மூடியும் இருந்தால் போதும். ஒரு தொட்டிக்கு ஒரு வானவில் இனம் என்ற வரையறையை மட்டும் மீறாதிருந்தால் நல்லது. தேர்ந்த வளர்ப்பாளர்கள் இனப்பெயரோடு ஊர்ப்பெயரையும் சேர்த்தே குறித்து வைக்கிறார்கள். எந்த ஏரி, எந்த ஓடை என்பது அவர்களுக்கு மீனின் பெயரில் பாதி.

என் கலப்பு மீன்கள் இப்போது தனித்தொட்டியில், யாருக்கும் தரப்படாமல், முதுமையடைந்து வருகின்றன. அவற்றின் மேல் எனக்கு வருத்தமேதுமில்லை; பிழை அவற்றினுடையதன்று. பெரிய தொட்டியில் போசெமனின் மீன்கள் மட்டும். தொட்டியின் மூலையில் ஒரு சிறு சீட்டு ஒட்டியிருக்கிறேன். அதில் 'அயமாரு' என்று எழுதியிருக்கிறது. அவை பண்ணையில் பிறந்தவை, அந்த ஏரியை ஒருநாளும் பார்த்ததில்லை என்பதை நான் அறிவேன். ஆனாலும் வீட்டுக்கு வரும் விருந்தினர் மீனின் நிறத்தை வியந்தபின் அச்சீட்டைப் படித்துவிட்டு, "அயமாரு என்றால் என்ன?" என்று கேட்கிறார்கள். அப்போது ஓர் ஏரியைப் பற்றிப் பேச எனக்கு வாய்ப்புக் கிடைக்கிறது.