பனிக்கடலோரத்து மிஷன் வீடுகளில் கிறிஸ்துமஸ்

லாப்ரடார் கரையில் கிறிஸ்துமஸ் கோடைக்காலத்திலேயே வந்து இறங்கிவிடும். கனடாவின் வடகிழக்கு ஓரத்திலுள்ள அந்தக் கடற்கரைக்கு லண்டனிலிருந்து ஆண்டுக்கு ஒரே ஒரு மிஷன் கப்பல்தான். பனிப்பாறைகள் விலகியிருக்கும் சில வாரங்களுக்குள் அது வந்து திரும்பியாக வேண்டும். மாவு, சர்க்கரை, மருந்து, துணிமணி, ஓராண்டுக் கடிதக்கட்டு எல்லாம் அதில்தான். டிசம்பரில் பிரிக்கவேண்டிய பரிசுப் பொட்டலமும் அதில்தான் வந்தாக வேண்டும். வந்தபின் மாதக்கணக்கில் பெட்டிக்குள் காத்துக் கிடக்கும். அதற்குள் கடல் உறைந்துவிடும்.

அங்கே குடியேறிய மிஷனெரிகள் மொரேவியர்கள். ஜெர்மனியின் ஹெர்ன்ஹூட் என்ற சிற்றூரைத் தலைமையிடமாகக் கொண்ட சகோதரச் சபையார். நைன் 1771, ஓக்காக் 1776, ஹோப்டேல் 1782, ஹெப்ரான் 1830 என்று கரை நெடுக நிலையங்களை அமைத்தார்கள். நமக்கும் இவர்கள் அந்நியர் அல்லர். இதே சபையார் 1760-இல் தரங்கம்பாடிக்கு வந்து, பொறையாறு அருகே ‘சகோதரர் தோட்டம்’ அமைத்துக் குடியிருந்தார்கள். அங்கிருந்து நிக்கோபாருக்குப் போனவர்களில் பலரைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. 1803 வாக்கில் தோட்டத்தையும் கைவிட்டார்கள். தரங்கம்பாடியில் ஏற்கெனவே இருந்த, சீகன்பால்கு வழிவந்த ஹாலே மிஷனெரிகளுக்கு இவர்களைக் கண்டால் ஆகாது. நம் திருச்சபை வரலாறுகள் இவர்களை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவதற்கு அந்தப் பழைய மனக்கசப்பும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். ஆண்டின் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வசனம் தரும் சிறு நூலொன்றை ஹெர்ன்ஹூட் 1731 முதல் அச்சிட்டு வந்தது. தரங்கம்பாடித் தோட்டத்து மாமரத்தடியிலும் நைனின் உறைபனியிலும் கிறிஸ்துமஸ் அன்று வாசிக்கப்பட்ட வசனம் ஒன்றே.

லாப்ரடாரில் குடும்பத்துக்கு ஒரு வீடு என்ற ஏற்பாடு கிடையாது. மரத்தாலான பெரிய மிஷன் வீடு ஒன்றில் நிலையத்தின் எல்லா மிஷனெரிக் குடும்பங்களும் இருந்தன. அறைகள் தனித்தனி, சமையலும் சாப்பாட்டு மேசையும் பொது. ஹெப்ரானில் ஆலயமும் குடியிருப்பும் ஒரே நீண்ட கூரையின்கீழ் இருந்தன. ஜெர்மானியர், டேனியர், ஆங்கிலேயர் என்று கலந்திருந்த குடும்பங்கள் மாதக்கணக்கான பனியில் ஒரே மேசையில் முகம் பார்த்துச் சாப்பிட்டாக வேண்டும். உறவினர் வீட்டில் நான்கு நாள் தங்கியவர்களுக்கே இதன் சிரமம் விளங்கும். டிசம்பர் இறுதியில் நைனில் பகல் வெளிச்சம் சுமார் 7 மணி நேரம்தான். அந்த நாட்களில் பண்டிகை இல்லாமல் முடியாது.

மொரேவியரின் கிறிஸ்துமஸ் முழுக்க முழுக்கக் குழந்தைகளின் பண்டிகை. 1747-இல் ஜெர்மனியின் மரியன்போர்னில், சபைத் தலைவர் சின்சென்டார்ஃபின் மருமகன் யோகான் வாட்டவில், கிறிஸ்துமஸுக்கு முந்திய மாலை ஆராதனையில் குழந்தை ஒவ்வொன்றுக்கும் சிவப்பு நாடா கட்டிய மெழுகுவர்த்தியை ஏற்றிக் கொடுத்தார். அது வழக்கமாகிச் சபை போன இடமெல்லாம் போயிற்று. லாப்ரடாரில் மெழுகுவர்த்தியை நிறுத்திவைக்க ஒரு தாங்கி வேண்டியிருந்தது. அந்த மண்ணில் குறுகிய கோடையில் விளையக்கூடியது டர்னிப் கிழங்கு. அறுவடையில் நல்லவற்றை எடுத்து வைத்திருந்து, குடைந்து, அதில் மெழுகுவர்த்தியைச் செருகிக் கொடுத்தார்கள். காய்கறி அரிதான ஊர் அது. ஆராதனை முடிந்ததும் அந்தக் கிழங்கு பிள்ளைகளுக்குத் தின்பண்டம்.

அந்தப் பிள்ளைகள் பெரும்பாலும் அந்தக் கரையின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களின் பிள்ளைகள். இலையுதிர்காலத்தில் கடல்நாய் வேட்டைக்குப் போன குடும்பங்கள் பண்டிகைக்கு நாய் வண்டிகளில் நிலையத்துக்கு வந்து கூடும். மிஷனெரிகளின் சொந்தப் பிள்ளைகளோ, ஏறக்குறைய ஏழு வயதானதும், பொருட்களை இறக்கிவிட்டுத் திரும்பும் அதே கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டுவிடுவார்கள். சாக்சனியின் கிளைன்வெல்கா போன்ற ஊர்களில் மிஷனெரிப் பிள்ளைகளுக்கென்றே விடுதிப் பள்ளிகள் இருந்தன. பெற்றோரைத் திரும்பப் பார்க்கப் பத்தாண்டு ஆகலாம். பார்க்காமலே போனவர்களும் உண்டு. வெளிநாட்டில் குடும்பமாகக் கொண்டாடினார்கள் என்று மிஷன் வரலாறுகளில் படிக்கும்போது நான் இந்தக் கணக்கையும் போட்டுப் பார்க்கிறேன். குழந்தைகளுக்கான பண்டிகையை ஏற்பாடு செய்த தாய்மாருக்கு, மேசையைச் சுற்றிச் சிறு குழந்தைகளே இருந்தன. வளர்ந்த பிள்ளைகள் இல்லை. விடுதிகளிலும் இதன் மறுபக்கம் நடந்தது. நீஸ்கி என்ற ஊரிலிருந்த சபைப் பள்ளியில் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், வடிவகணிதப் பாடத்துக்காகக் காகிதக் கூம்புகளை ஒட்டிப் பல முனை நட்சத்திரம் செய்யக் கற்றுக்கொடுத்தார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறுகளில் அதைச் செய்து தொங்கவிடுவது, பெற்றோர் கடல் கடந்திருந்த பிள்ளைகளின் வழக்கமாயிற்று. அதுவே இன்று ஹெர்ன்ஹூட் நட்சத்திரம் என்று உலகெங்கும் விற்கிறது. நம் வாசல்களில் தொங்கும் காகித நட்சத்திரங்களுக்கும் அதற்கும் உறவு கற்பிக்க நான் துணியமாட்டேன்.

இசைதான் இந்தப் பண்டிகையை இனுயிட் மக்களுடையதாக ஆக்கியது. வயலின், ஊதுகருவிகள், ஆர்கன் ஆகியவற்றை அவர்கள் கற்றுக்கொண்ட வேகம் மிஷனெரிகளையே வியக்கவைத்தது. ஜெர்மன் சபைப் பாடல்கள் இனுயிட் மொழியில் பல குரல்களில் ஒலித்தன. கையெழுத்து இசைத்தாள்களைப் பாடகர்களே படியெடுத்துப் பாதுகாத்தார்கள். ஜெர்மன் பாடல்களைத் தமிழாக்கிய மிஷனெரி ஃபப்ரிசியஸின் வேலைக்குத் தூரத்து உடன்பிறப்பு இது என்றாலும், இசைக்கருவியைக் கையில் எடுத்து நடத்துவதில் அவர்கள் நம்மைவிட முந்திக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு. மிஷனின் மறுபக்கத்தையும் மறைக்கக்கூடாது. நிலையங்களில் கடையும் மிஷனுடையதே. கடன் புத்தகமும் மிஷனெரிகளிடமே. ஒரே கை ஜெபத்தையும் கணக்கையும் பிடித்திருந்ததில் கசப்புகள் எழாமல் இருக்கவில்லை.

1918 இலையுதிர்காலத்தில் மிஷன் கப்பலான ‘ஹார்மனி’ சரக்கோடு இன்ஃப்ளுயன்சா காய்ச்சலையும் கொண்டுவந்தது. ஓக்காக்கில் இருந்த 263 பேரில் 204 பேர் அந்த டிசம்பருக்குப் பின் இல்லை. எஞ்சியவர்கள் வேறு ஊர்களுக்குப் போக, நிலையம் கைவிடப்பட்டது. 1926-இல் கடைகள் ஹட்சன் விரிகுடாக் கம்பெனியின் கைக்குப் போயின. 1959-இல் ஹெப்ரானை மூடி, மக்களை அவர்கள் விருப்பம் கேளாமலே இடம்பெயர்த்தார்கள். நைனிலும் ஹோப்டேலிலும் சபை தொடர்கிறது. ஐரோப்பிய மிஷனெரிக் குடும்பங்களின் காலம் அங்கே முடிந்துவிட்டது. ஆராதனை நடத்துவது, ஆர்கன் வாசிப்பது, பிள்ளைகளின் கையில் மெழுகுவர்த்தி கொடுப்பது எல்லாம் இனுயிட் மூப்பர்களின் பொறுப்பு.