சர்கோதா வானிலும் ஸ்ரீநகர் வானிலும்

நிர்மல் ஜித் சிங் செகோன் பெயரை அறிந்த பலருக்கும் அஜ்ஜமாட போப்பய்யா தேவய்யாவைத் தெரியாது. இருவரும் பாகிஸ்தானுடனான போர்களில் பறந்த இந்திய விமானப் படை விமானிகள். முன்னவர் 1971 டிசம்பர் 14 அன்று ஸ்ரீநகர் வானில் உயிர் நீத்தார். பின்னவர் 1965 செப்டம்பர் 7 அன்று சர்கோதா அருகே. இருவரையும் அருகருகே நிறுத்தினால் முதலில் கண்ணில் படுவது வேற்றுமைதான். ஒற்றுமை சற்றுப் பொறுத்தே புலப்படும்.

செகோன் காத்தது தன் தளம். தேவய்யா தாக்கப் போனது எதிரியின் தளம். செகோன் இருபதுகளில் இருந்த இளைஞர். தேவய்யா பலருக்குப் பறக்கக் கற்றுத் தந்த பயிற்றுநர்.

பெஷாவரிலிருந்து ஆறு சேபர் விமானங்கள் வந்து ஸ்ரீநகர் ஓடுதளத்தில் குண்டு போட்டுக்கொண்டிருந்தபோதுதான் செகோனின் நாட் விமானம் தரையை விட்டு எழுந்தது. முன்னே கிளம்பிய அணித் தலைவர் கும்மனின் விமானம் கிளப்பிய புழுதி, பின்னால் நின்ற செகோனின் பார்வையை மறைத்தது. புழுதி அடங்கக் காத்திருந்த அந்தச் சில நொடிகளில் சேபர்கள் தலைக்கு மேலே வந்துவிட்டன. மேலெழும் விமானத்துக்கு வேகமும் கிடையாது, உயரமும் கிடையாது. மேலிருந்து பாயும் விமானத்துக்கோ இரண்டும் உண்டு. வான்போரில் இதைவிடப் பாதகமான நிலை அரிது. மேலே சென்றதும் கும்மனும் செகோனும் ஒருவரையொருவர் காண முடியாமல் போயிற்று. செகோன் தனித்தே பொருதினார்.

தேவய்யாவின் பாதகம் வேறு வகை. பாகிஸ்தானின் சர்கோதா விமானத் தளத்தின் மீதான தாக்குதலில் அவர் மாற்று விமானியாகவே வைக்கப்பட்டிருந்தார். வேறொரு விமானம் போக முடியாததால் இடம் கிடைத்தது. இந்தியத் தளமான ஆதம்பூரிலிருந்து சர்கோதா, அவர் ஓட்டிய மிஸ்டேர் விமானத்தின் எரிபொருளுக்கு ஏறத்தாழ எல்லைத் தூரம். வழியில் நின்று சண்டையிட்டால் திரும்பி வர எரிபொருள் மிஞ்சாது. இதை ஒரு பயிற்றுநர் அறியாதிருக்க முடியாது. துரத்தி வந்ததோ ஒலியின் இரு மடங்கு வேகம் கொண்ட ஸ்டார்ஃபைட்டர். அதை ஓட்டிய பாகிஸ்தான் விமானி அம்ஜத் ஹுசைன், மிஸ்டேரைச் சுட்டு வீழ்த்திவிட்டதாகவே எண்ணி மற்ற விமானங்களின் பக்கம் திரும்பினார். அடிபட்ட மிஸ்டேர் விழவில்லை, திரும்பி வந்து போரிட்டது. தாழ்வான உயரத்தில், வளைந்து வளைந்து நடக்கும் சண்டையில், ஸ்டார்ஃபைட்டரின் குட்டையான இறக்கைகள் அதற்கே பகையாயின. வேகம் குறைந்த கணத்தில் அதன் மேன்மையும் போயிற்று. தேவய்யாவின் குண்டுகள் பட்டு, அம்ஜத் பாராசூட்டில் குதிக்க நேர்ந்தது.

செகோனின் நாட் விமானமும் இதே வழியில்தான் சேபரை எதிர்கொண்டது: சிறிய உடல், குறுகிய வளைவு, தரைக்கு அருகே சண்டை. பாதகமான நிலையில் இருந்த இருவரும், எதிரியைத் தங்களுக்கு வசதியான உயரத்துக்கும் வேகத்துக்கும் இழுத்துவந்தார்கள். துணிச்சலோடு தொழில்நுணுக்கமும் சம அளவில் வேலை செய்த இடம் இது. வீரக்கதை சொல்பவர்கள் இதைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறார்கள் என்பது என் ஆதங்கம்.

இனி சாட்சிக்கு வருவோம். செகோனின் போரைத் தளத்தில் இருந்தவர்கள் நேரில் கண்டார்கள். அவர் குரலை வானொலியில் கேட்டார்கள். 1972இலேயே பரம்வீர் சக்ரா அறிவிக்கப்பட்டது. விமானப் படையில் இன்றுவரை அதைப் பெற்றவர் அவர் ஒருவரே. தேவய்யாவை யாரும் பார்க்கவில்லை. உடன் வந்தவர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அவர் பெயர் காணாமற்போனோர் பட்டியலில் ஏறியது. 1979இல் பாகிஸ்தான் விமானப் படையின் உதவியோடு ஜான் ஃபிரிக்கர் எழுதிய நூலில், ஒரு ஸ்டார்ஃபைட்டரை மிஸ்டேர் வீழ்த்திய செய்தி வெளிவந்தது. தாக்குதலுக்குத் தலைமை ஏற்றிருந்த ஓ.பி. தனேஜா தேவய்யாவுக்காக எடுத்துரைத்தார். 1988இல், 23 ஆண்டுகள் கழித்து, மகாவீர் சக்ரா அவர் மனைவியின் கைக்கு வந்தது.

ஆனால் எதிர்பாராத ஒன்று இங்கே இருக்கிறது. பலர் கண்ட போரின் கணக்கு இன்றும் சர்ச்சையில் உள்ளது: செகோன் இரண்டு சேபர்களைத் தாக்கியதாக விருதுக் குறிப்பு சொல்கிறது, பாகிஸ்தான் தரப்பு ஏற்பதில்லை. ஒருவரும் காணாத போரோ எதிர்த்தரப்பு தந்த செய்தியின் மேலேயே நிற்கிறது. செகோனின் தீரத்தையும் அன்று எதிரே சேபரில் பறந்த சலீம் பெய்க் மிர்சா பிற்பாடு வியந்து எழுதியிருக்கிறார். இருவருக்கும் எதிரியே சாட்சி சொன்னான்.

உடல்களிலும் இதே குறுக்கு இழை. தன் மக்கள் கண்முன் வீழ்ந்த செகோனின் உடல், ராணுவமும் விமானப் படையும் தேடியும் கிடைக்கவில்லை. அந்நிய மண்ணில் தனியே வீழ்ந்த தேவய்யாவை அவ்வூர் மக்களே அடக்கம் செய்ததாகப் பாகிஸ்தான் தரப்புக் குறிப்புகள் கூறுகின்றன.

பரம்வீருக்கும் மகாவீருக்கும் இடையே இருப்பது ஒரு படி. அந்த ஒரு படி, சாட்சி வந்து சேர்ந்த நேரத்தின் வித்தியாசம். வீரத்தின் வித்தியாசம் அல்ல என்பதே என் தீர்ப்பு.