மூன்று படியும் ஒரு படியும்



சென்ற வாரம் பழைய மாணவன் ஒருவன் போனில் கேட்டான். "சார், நாடே நெருக்கடியில் இருக்கும்போது அரசாங்கம் பெரிய பெரிய வாக்குறுதி தருகிறதே, அதையெல்லாம் நிஜமாகவே செய்ய முடியுமா? வகுப்பில் மூன்று படி அரிசிக் கதை சொல்லிச் சிரிக்க வைப்பீர்களே, எல்லாம் அந்த மாதிரிதானா?"

அந்தக் கேள்வி என்னை உறுத்திவிட்டது. 33 வருடம் வரலாறு நடத்தினேன். வருடம் தவறாமல் அந்தக் கதையைச் சொன்னேன், பிள்ளைகளும் சிரித்தார்கள். ஆனால் நான் சொன்னது பாதிக் கதை. மீதியை இன்று சொல்லிவிடுகிறேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

1965-லும் 1966-லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. 1964-65-இல் நாட்டின் உணவு தானிய விளைச்சல் சுமார் 8.9 கோடி டன். மறு ஆண்டே அது 7.2 கோடி டன்னாகச் சரிந்தது. 1966-இல் மட்டும் ஏறக்குறைய ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது, பெரும்பகுதி அமெரிக்கக் கோதுமை. அதையும் அதிபர் ஜான்சன் மொத்தமாகத் தராமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடுவித்தார். அதற்கு முன்பே பிரதமர் சாஸ்திரி, திங்கட்கிழமை இரவுச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. பெரம்பூரில் ஒண்டுக்குடித்தனம். ரேஷன் கடை வரிசையில் பையோடு நிற்பது என் வேலை. பல நாள் அரிசி இருக்காது, கோதுமைதான். பாட்டிக்குச் சப்பாத்தி தேய்க்க வராது. கோதுமையை உடைத்துக் கஞ்சி வைப்பாள். "இது ஒரு சாப்பாடா" என்று முனகிக்கொண்டே எங்களுக்கு ஊற்றுவாள்.

இந்த நிலையில்தான் 1967 தேர்தல் வந்தது. ஒரு ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்றது தி.மு.க. எப்படி முடியும் என்று கேட்டவர்களுக்கு, "மூன்று படி லட்சியம், ஒரு படி நிச்சயம்" என்றார் அண்ணா. காங்கிரஸ் தோற்றது. முதலமைச்சர் பக்தவத்சலம் தோற்றார், விருதுநகரில் காமராஜரே தோற்றார். மார்ச் மாதம் அண்ணா முதலமைச்சரானார். அந்த ஆண்டே சென்னையிலும் கோவையிலும் ரூபாய்க்கு ஒரு படி அரிசி கிடைத்தது. ஒரு படி என்றால் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ. முதல் நாள் நான் வாங்கி வந்த அரிசியைப் பாட்டி முறத்தில் கொட்டி, கையால் அளைந்துகொண்டே இருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

மாயவரம் பக்கம் விவசாயம் பார்த்த பெரியப்பா அடுத்த முறை வந்தபோது அப்பாவிடம் சண்டைக்கே போய்விட்டார். "லெவி நெல் அளக்கிறது நாங்க. ரூபாய்க்கு ஒரு படி பட்டணத்தானுக்கா? எங்க பிள்ளைங்களுக்கெல்லாம் வயிறு இல்லையா?" அப்பாவால் பதில் சொல்ல முடியவில்லை.

பதில் கணக்கில் இருந்தது. வெளியில் விற்ற விலைக்கும் ஒரு ரூபாய்க்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொரு படிக்கும் மாநில கஜானா கட்ட வேண்டும். இரண்டு ஊருக்குக் கொடுப்பதற்கே மூச்சு முட்டியது. மாநிலம் முழுவதற்கும் நீட்டிக்கப் பணம் இல்லை. மூன்று படி வரவே இல்லை. ஒரு படியும் நீடிக்கவில்லை. வகுப்பில் நான் சொன்ன கதை இங்கேதான் முடியும். நீங்கள் சிரிப்பீர்கள், மணி அடிக்கும்.

மீதிக் கதை இதுதான்.

அதே நெருக்கடியில் டெல்லியில் இன்னொரு தமிழர் இன்னொரு வாக்குறுதி கொடுத்தார். உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம். சில ஆண்டுகளில் நாடு தன் சோற்றைத் தானே விளைவித்துக்கொள்ளும் என்றார். 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் கோதுமை விதையை இறக்குமதி செய்தார். அன்னியச் செலாவணிக்குத் தவித்த நேரம், எதிர்ப்பு பலமாக இருந்தது. 1967 தேர்தலில் அவரும் தோற்றுப்போனார். 1967-68-இல் விளைச்சல் 9.5 கோடி டன்னைத் தொட்டபோது அவர் பதவியில் இல்லை. மேடையில் விலையைச் சொன்னவர்கள் ஜெயித்தார்கள், வயலில் விதையைப் போட்டவர் தோற்றார். இதை நான் வகுப்பில் சேர்த்துச் சொன்னதே இல்லை.

ஆனால் அந்த விதையும் நெருக்கடி வந்த பிறகு தேடியது அல்ல. போர்லாக்கின் கோதுமை 1963-லேயே இங்கே சோதனைக்கு வந்துவிட்டது. பெரியப்பா வயலுக்கு வந்த ஆடுதுறை 27 நெல், ஜப்பானிய ரகத்தையும் நம் ரகத்தையும் ஒட்டி ஆராய்ச்சி நிலையத்தில் பல வருடம் பாடுபட்டு உருவாக்கியது. "சர்க்கார் நெல்லை நம்பலாமா" என்று தயங்கியவர், குறுவையில் கண்டுமுதலைப் பார்த்ததும் அதைத் தவிர வேறு விதை போட மாட்டேன் என்றார். இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரியில் தன் முதல் மாவட்ட அலுவலகத்தைத் தஞ்சாவூரில் திறந்தது. நெல் விளையவும், வாங்கவும், சேர்த்து வைக்கவும் ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அதற்கெல்லாம் யாரும் கைதட்டவில்லை.

மூன்று படியும் செத்துப்போகவில்லை. 1972-இல் தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் வந்தது. கிராமம் கிராமமாக ரேஷன் கடை போனது. 1982-இல் எம்.ஜி.ஆர். சத்துணவைத் தொடங்கினார். 2008-இல் கருணாநிதி ஆட்சியில் கிலோ ஒரு ரூபாய். 2011-இல் ஜெயலலிதா ஆட்சியில் அரிசி விலையில்லாமலே வந்தது. 1967-இல் எட்டாத லட்சியத்தை, 44 வருடம் கழித்து, பெரியப்பாவின் கிராமத்துக் கடையும் தாண்டிவிட்டது. அதைப் பார்க்க அவர் இல்லை.

எந்தக் கட்சிக்கும் வக்காலத்து வாங்க இதை எழுதவில்லை. அண்ணா லட்சியத்தையும் நிச்சயத்தையும் பிரித்துச் சொன்னதை நழுவல் என்று கேலி செய்தேன். இன்று அது மற்ற பல வாக்குறுதிகளைவிட நேர்மையாகவே தெரிகிறது. ஆனாலும் கூட்டத்தில் மூன்றுதான் சத்தமாகக் கேட்டது என்பதும் உண்மை. நிச்சயம் என்ற ஒன்றும் இரண்டு ஊரோடு நின்றது. பெரியப்பாவின் கோபமும் நியாயம்தான்.

ஆகவே என் மாணவனுக்குப் பதில்: நெருக்கடியில் ஓர் அரசு செய்து முடிப்பது, பெரும்பாலும் அதற்கு முன்பே யாரோ தயார் செய்து வைத்தது. அன்று புதிதாகச் சொல்லும் பெரிய வாக்குறுதி நிறைவேற ஒரு தலைமுறை ஆகலாம், நடுவில் யாரும் கைவிடாமல் இருந்தால். அடுத்த முறை வாக்குறுதி கேட்கும்போது மூன்றைக் கேளுங்கள். சரக்கு எங்கே இருக்கிறது? வித்தியாசத்தை யார் கட்டுவார்கள்? கடைசி ஊர் வரை கொண்டு சேர்க்க ஆள் இருக்கிறதா?

தப்பாகத் திருத்திய விடைத்தாளை இத்தனை வருடம் கழித்துத் திரும்பத் திருத்தியிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் யாராவது அந்த ஒரு படி அரிசி வாங்கியிருந்தால், அல்லது கிடைக்காமல் போயிருந்தால், கேட்டு இங்கே எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.