கண்ணாடித் தகடுகள் சொன்ன செய்தி

படங்களை ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டி, உடன் குரலும் ஒலிக்கச் செய்து செய்தி சொல்லும் முறையை நீங்கள் கைப்பேசியில் காண்கிறீர்கள். இது புதிய வித்தையன்று. நூறாண்டுகளுக்கு முன்பே மாஜிக் லாந்தர் என்னும் விளக்கு இத்தொழிலைச் செய்தது. கண்ணாடித் தகட்டிலுள்ள படத்தை அது இருண்ட மண்டபத்தின் திரையில் பெரிதாக்கிக் காட்டும். அருகே ஒருவர் நின்று பேசுவார்.

ஆப்பிரிக்காவின் காங்கோ நாடு 1885 முதல் பெல்ஜிய மன்னர் இரண்டாம் லியோபோல்டின் தனிச்சொத்துப் போலவே இருந்தது. ரப்பர் சேகரிக்கும்படி மக்கள் வதைக்கப்பட்டனர். சிப்பாய்கள், செலவிட்ட தோட்டாவுக்குக் கணக்காக, கொல்லப்பட்டவரின் கையை வெட்டிக் கொணர வேண்டும். தோட்டாவை வேட்டையில் வீணாக்கியவன் உயிரோடிருப்பவர் கையையே வெட்டினான். இச்செய்திகள் ஐரோப்பாவை எட்டியபோது, யாவும் கட்டுக்கதை என்றனர் மன்னர் தரப்பினர்.

1904 மே மாதம் பாரிங்கா என்னும் ஊரில், ஆலிஸ் சீலி ஹாரிஸ் என்ற ஆங்கில மிஷனரி அம்மையாரிடம் ந்சாலா என்பவர் ஒரு சிறு பொதியுடன் வந்தார். அதனுள் இருந்தவை அவருடைய ஐந்து வயது மகள் போவாலியின் ஒரு கையும் ஒரு பாதமும். ரப்பர்க் கம்பெனியின் காவலர் அவளைக் கொன்றிருந்தனர். அம்மையார் ந்சாலாவைத் தாழ்வாரத்தில் அமரச் செய்து படம் எடுத்தார். அவர் அழவில்லை, முன்னே கிடப்பவற்றை நோக்கியபடி அமர்ந்திருக்கிறார்.

அம்மையாரும் அவர் கணவர் ஜானும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஊர் ஊராகச் சென்று இப்படங்களைக் காட்டிப் பேசினர். 60 தகடுகளும், அவற்றுக்கேற்ற அச்சிட்ட உரையும் ஒரு தொகுதியாகக் கிடைத்தன. காங்கோவைக் காணாதவரும் அதை வாசித்துச் செய்தியைச் சொல்ல இயன்றது. நான் ஆசிரியப் பயிற்சி பெற்ற காலத்தில், “படத்தைக் காட்டியபின் சற்றே வாய்மூடி நில்லுங்கள்” என்பார் எங்கள் விரிவுரையாளர். ந்சாலாவின் படம் திரையில் விழுந்த கணத்தில் பேச்சாளர் என்ன செய்திருப்பார் என்று பலமுறை எண்ணியிருக்கிறேன்.

மோரெல் என்பார் 1904-இல் தொடங்கிய காங்கோ சீர்திருத்தச் சங்கத்துக்கு இக்கூட்டங்கள் பெரும் வலிமை தந்தன. 1908-இல் காங்கோ மன்னரின் கையை விட்டுப் பெல்ஜிய அரசிடம் சென்றது. அதற்குமுன் அவர் தம் ஆட்சி ஏடுகளை எரிக்கச் செய்தார். ஆயினும் கட்டாய வேலை உடனே ஒழிந்துவிடவில்லை. மற்றொரு குறையையும் சொல்லவேண்டும்: ந்சாலா எந்த மேடையிலும் பேசவில்லை. அவர் துயரத்தை ஆங்கிலத்தில் பிறரே சொன்னார்கள்.