பழைய 700-ம் புதிய 645-ம்

எம்.பி.ஏ. படிப்புக்கான ஜிமேட் மாதிரித் தேர்வில் என் அண்ணன் பேத்தி 645 வாங்கினாள். 700 இல்லையே என்று விண்ணப்பமே வேண்டாமென உட்கார்ந்துவிட்டாள். உங்கள் வீட்டிலும் இது நடக்கலாம்.

1997-ல் இத்தேர்வு கணினிக்கு வந்தது. சரியாகச் சொன்னால் அடுத்த கேள்வி கடினமாகும், தவறினால் எளிதாகும். ஆகவே கெட்டிக்காரருக்கும் பல தவறும். சரியானவற்றை எண்ணிப் பார்த்தால் மதிப்பெண் தெரியாது. (பேங்கில் டோட்டல் போட்டே பழகிய எனக்கு இது பிடிபட நாளாயிற்று.)

2023 நவம்பரில் அளவுகோலே மாறியது. 200 முதல் 800 வரை இருந்தது, 205 முதல் 805 ஆயிற்று. 1957-ல் நாலணா 25 நயா பைசா ஆன மாதிரிதான். இன்றைய 645 ஏறக்குறைய அன்றைய 700.

பழைய மதிப்பெண் 0-ல் முடியும், புதியது 5-ல். பிள்ளைகளைத் திட்டுமுன் கடைசி இலக்கத்தைப் பாருங்கள்.