நெடுஞ்செழியன்: ஒரு குடிப்பெயர் ஆட்பெயரான வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பாண்டியர் குடிக்குரிய ‘செழியன்’ என்னும் பெயரின் அடைபெற்ற வடிவம் ‘நெடுஞ்செழியன்’. மாங்குளம் தமிழ்பிராமிக் கல்வெட்டிலும் சங்க நூல்களிலும் சிலப்பதிகாரத்திலும் இடம்பெறும் இப்பெயர், இடைக்காலத்தில் பெயரிடும் வழக்கிலிருந்து மறைந்து, இருபதாம் நூற்றாண்டில் ஆண்பாற் பெயராக மீண்டது. இம்மறைவுக்கும் மீட்சிக்கும் அப்பெயர் இன்றும் அருகியே வழங்குவதற்கும் உரிய காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது. சமய நினைவின் துணையின்மையே மறைவுக்கு முதன்மைக் காரணம் என்பதும், அச்சேறிய பழந்தமிழ் நூல்களும் பெயர்மாற்ற இயக்கமுமே மீட்சிக்கு வழிவகுத்தன என்பதும் இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: பெயராய்வு, பாண்டியர், செழியன், மாங்குளம் கல்வெட்டு, தனித்தமிழ், திராவிட இயக்கம்.

முன்னுரை

தமிழில் மக்கட்பெயர் பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் மிகுதியாக வழங்கும் பெயர்களையே கருத்திற் கொள்கின்றன. முருகன், கண்ணன், சுப்பிரமணியன் போன்றவை கோயிலையும் குலதெய்வத்தையும் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கத்தையும் சார்ந்து தலைமுறை தோறும் தொடர்பவை. அருகி வழங்கும் பெயர்களின் வரலாறு வேறு வகையானது. அவை தொடர்ச்சியால் வாழ்வதில்லை. யாரேனும் ஒருவர் ஒரு காலத்தில் தெரிந்தெடுப்பதால் உயிர்பெறுகின்றன. நெடுஞ்செழியன் என்னும் பெயர் இதற்குத் தக்க சான்று.

பெயரின் அமைப்பு

‘செழியன்’ என்பது செழுமைப் பொருள் தரும் ‘செழி’ என்னும் அடியுடன் ஆண்பால் விகுதி சேர்ந்த சொல். மாறன், வழுதி என்பன போல இதுவும் பாண்டியர் குடிக்குப் பொதுவானது. ‘நெடு’ என்பது உயரத்தை மட்டுமன்றிப் பெருமையையும் சுட்டும் அடை. நெடுஞ்சேரலாதன், நெடுங்கிள்ளி, நெடுமான் அஞ்சி ஆகிய பெயர்களிலும் அது அமைந்துள்ளது. இளஞ்சேட்சென்னி, பெருவழுதி முதலியவற்றில் ‘இளம்’, ‘பெரு’ என்னும் அடைகள் அவ்வாறே வந்துள்ளன. ஒரே குடிப்பெயர் தாங்கிய பலரை வேறுபடுத்த இவ்வடைகள் பயன்பட்டன எனக் கொள்ளலாம்.

சிறப்புப்பெயரும் இயற்பெயரும் ஒருங்கே வரும்போது சிறப்புப்பெயரையே முன்வைத்தல் வேண்டும் என்பது தொல்காப்பியச் சொல்லதிகாரம் கூறும் மரபு. ‘தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன்’ என்னும் தொடர் இம்மரபைப் பின்பற்றுகிறது. வெற்றிச் சிறப்பு முதலிலும் குடிச்சுட்டு அடுத்தும் நிற்க, இயற்பெயருக்குரிய இறுதியிடத்தில் நெடுஞ்செழியன் நிற்கிறது. ஆக, சொல்லமைப்பில் அது குடிப்பெயர். தொடரில் நிற்கும் இடத்தால் இயற்பெயர். இந்த இருநிலையே அதன் பிற்கால வரலாற்றை அறியத் திறவுகோலாகும்.

கல்வெட்டுச் சான்று

மதுரை மாவட்டம் மாங்குளத்தை அடுத்த மலைக்குகைகளில் உள்ள தமிழ்பிராமிக் கல்வெட்டுகளை 1882இல் இராபர்ட் சுவெல் வெளியுலகின் கவனத்திற்குக் கொணர்ந்தார். இவற்றைப் படித்தவர்களுள் கே. வி. சுப்பிரமணிய ஐயரும் ஐராவதம் மகாதேவனும் குறிப்பிடத்தக்கவர்கள். கணி நந்தன் என்னும் துறவிக்கு நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி பள்ளி அமைத்துத் தந்த செய்தியை ஒரு கல்வெட்டு கூறுகிறது. மற்றொன்று அம்மன்னனின் மைத்துனன் உறவுடைய ஒருவனது குடும்பம் செய்த கொடையைக் குறிக்கிறது. மகாதேவன் இவற்றைக் கி.மு. 2ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை எனக் கணித்தார்.

இக்கல்வெட்டில் பெயர் ‘நெடுஞ்சழியன்’ என எழுதப்பட்டுள்ளது. அடையும் குடிப்பெயரும் பிரியாது ஒன்றாய் நிற்பதால், இச்சேர்க்கை புலவர் பாட்டுக்கென ஆக்கிக்கொண்ட புனைவன்று. வாழ்ந்த மன்னன் ஒருவனைக் குறிக்க மக்கள் வழங்கிய பெயர் என்பது உறுதியாகிறது. இம்மன்னனைச் சங்க நூல்களின் நெடுஞ்செழியருள் ஒருவனாகக் கொள்வதில் கால இடர்ப்பாடு உண்டு. எனினும் ஒரே பெயர் ஒரு குடியில் மீண்டும் மீண்டும் இடப்பட்டது என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

இலக்கியம் தந்த முகங்கள்

இலக்கியத்தில் இப்பெயர் மூன்று முகங்களுடன் தோன்றுகிறது. முதலாவது, ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். புறநானூற்றின் 183ஆம் பாடல் இவன் பெயரில் உள்ளது. கற்றவனுக்கே தாயும் அரசும் முதன்மை தருவர் என்றும், பிறப்பால் கீழ் எனப்பட்டவன் கற்றால் மேல் எனப்பட்டவன் அவனை வழிபடுவான் என்றும் அது கூறுகிறது. இரண்டாவது, தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியன். மதுரைக்காஞ்சியின் பாட்டுடைத் தலைவன் இவனே. இளம் பருவத்திலேயே எழுவரை எதிர்த்து வென்ற இவனை இடைக்குன்றூர் கிழார் புறநானூற்றில் பாடியுள்ளார். இவன் உரைத்த வஞ்சினம் அந்நூலின் 72ஆம் பாடலாக உள்ளது.

மூன்றாவது முகம் சிலப்பதிகாரத்துப் பாண்டியனுடையது. கோவலனை ஆராயாது கொல்வித்து, கண்ணகியின் சிலம்பு உடைந்தபோது தன் தவற்றைத் தானே உரைத்து அரியணையில் உயிர்நீத்தவன். மதுரைக் காண்டத்தின் இறுதிக் கட்டுரை இவனை வடவாரியர் படையை வென்றவனாகவும் அரசுகட்டிலில் துஞ்சிய நெடுஞ்செழியனாகவும் ஒருசேரக் காட்டுகிறது. முதலாமவனும் மூன்றாமவனும் ஒருவனே என்னும் கருத்து இதிலிருந்தே வலுப்பெற்றது. வெற்றியும் குற்றமும், கல்வியைப் போற்றிய பாட்டும் நீதி தவறிய தீர்ப்பும் ஒரே பெயரின்கீழ் வந்து சேர்ந்தன.

இடைக்கால மறைவு

ஏழாம் நூற்றாண்டு முதற்கொண்டு கிடைக்கும் பாண்டியர் பட்டியலில் ‘நெடு’ என்னும் அடை மறையவில்லை. சைவ மரபு போற்றும் நின்றசீர் நெடுமாறன், வேள்விக்குடிச் செப்பேட்டை வழங்கிய பராந்தக நெடுஞ்சடையன் ஆகியோர் அவ்வடையைத் தாங்கியவர்கள். மாறவர்மன், சடையவர்மன் என்னும் பட்டங்கள் பிற்காலப் பாண்டியர் வரை மாறிமாறி வந்தன. செழியன் என்னும் சொல்லோ இயற்பெயரிடத்தை இழந்தது. வேள்விக்குடிச் செப்பேட்டில் சேந்தன் என்னும் மன்னனுக்கு முன் ‘செழியன்’, ‘வானவன்’ என்பன அடைகளாகவே வருகின்றன. தொல்காப்பிய மரபின்படி நோக்கினால், இறுதியிடத்தில் நின்ற பெயர் முன்னிடத்திற்கு, அதாவது சிறப்புப்பெயரின் இடத்திற்கு நகர்ந்துவிட்டது. பின்னர் நிகண்டுகள் பாண்டியனைக் குறிக்கும் சொற்களுள் ஒன்றாக அதனை அடுக்கின. புலவர் அறிந்த சொல்லாக அது எஞ்சியது. தொட்டிலில் இடும் பெயராக எஞ்சவில்லை.

இதன் காரணத்தை நெடுமாறனோடு ஒப்பிட்டால் உணரலாம். திருஞானசம்பந்தரால் சைவம் சார்ந்த அம்மன்னன் அறுபத்துமூவருள் ஒருவனானான். பெரியபுராணம் அவனைப் பாடியது. கோயில்கள் அவனுக்குத் திருமேனி வைத்தன. மாறன் என்னும் பெயர் நம்மாழ்வாருக்கும் உரியதாகி வைணவத்திலும் இடம்பெற்றது. நெடுஞ்செழியனுக்கு இத்தகைய புகலிடம் கிடைக்கவில்லை. சிலப்பதிகார மரபில் வழிபாடு பெற்றவள் கண்ணகி; அவளால் அழிந்த மன்னனுக்கு வழிபாடு இல்லை. சங்கநூற் பயிற்சி அருகிய காலத்தில் சமய நினைவே பெயர்களைக் காத்தது. அந்நினைவுக்குப் புறத்தே நின்ற பெயர் ஏட்டுச்சுவடியில் ஒதுங்கியது.

அச்சும் மீட்சியும்

உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889இலும் சிலப்பதிகாரத்தை 1892இலும் புறநானூற்றை 1894இலும் பதிப்பித்தார். மூன்று முகங்களும் ஐந்தாண்டு இடைவெளிக்குள் படிப்பவர் கைக்கு வந்தன. வி. கனகசபைப் பிள்ளை 1904இல் நூலாக வெளியிட்ட பண்டைத் தமிழர் வரலாறு, பாடல்களின் மன்னர்களைக் கால வரிசையில் நிறுத்தி வரலாற்று மாந்தராக்கியது. 1916இல் தொடங்கிய தனித்தமிழ் இயக்கம், பெயர் என்பது தெரிந்தெடுக்கத்தக்கது என்னும் எண்ணத்தை வளர்த்தது. சுவாமி வேதாசலம் மறைமலையடிகள் ஆனமை அதன் முன்மாதிரி.

இவ்விரு ஓட்டங்களும் 1940களில் திராவிட இயக்க மாணவரிடையே கலந்தன. 1920இல் திருக்கண்ணபுரத்தில் பிறந்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற நாராயணசாமி, இரா. நெடுஞ்செழியன் ஆனார். அவர் தம்பி சீனிவாசன், இரா. செழியன் ஆனார். இராமையா, க. அன்பழகன் ஆனார். இவற்றுள் அன்பழகன் பண்பையும் அழகையும் சுட்டும் புத்தாக்கம். நெடுஞ்செழியனோ பண்டை மன்னன் ஒருவனின் பெயரை எடுத்துக்கொண்டது. திருமாலின் பெயரை நீக்கி மன்னன் பெயரை ஏற்பது வெறும் மொழித்தூய்மை அன்று. சமயத்தால் காக்கப்படாத ஒரு பெயர், சமயப் பெயரை மறுத்தவர்களால் மீட்கப்பட்டது. இடைக்காலத்தில் அதனை மறையச் செய்த குறையே இருபதாம் நூற்றாண்டில் அதன் தகுதியாயிற்று.

‘ஆரியப்படை கடந்த’ என்னும் அடைமொழி அவ்வியக்கத்தின் நோக்குக்கு உவப்பானது என்பது வெளிப்படை. பிறப்பினும் கல்வியே உயர்வு தரும் என்னும் புறப்பாடற் கருத்தும் அதற்கு இயைந்தது. 1967இல் அமைந்த அண்ணாதுரை அமைச்சரவையில் கல்வித்துறையை ஏற்றவரும் இப்பெயர் தாங்கியவரே. அவர் 1969இலும் 1987இலும் இடைக்கால முதலமைச்சராகப் பொறுப்பேற்றபோது பெயர் மேலும் பரவலாக அறிமுகமாயிற்று. அதே காலத்தில் 1964இல் வெளிவந்த ‘பூம்புகார்’ திரைப்படமும் 1968இல் சென்னைக் கடற்கரையில் நிறுவப்பட்ட கண்ணகி சிலையும் பாண்டியன் அவைக் காட்சியைப் பொதுமக்கள் நினைவில் நிறுத்தின. தவறிழைத்த மன்னன் பெயர் என்பது பெயரிடுவோருக்குத் தடையாகவில்லை. தவற்றை உணர்ந்த கணமே உயிர்விட்டமை நீதியின் அடையாளமாகக் கொள்ளப்பட்டதே இதற்குக் காரணம் எனலாம்.

அருகி வழங்குவதன் காரணங்கள்

இவ்வளவு அறிமுகம் இருந்தும் இப்பெயர் பெருவழக்குப் பெறவில்லை. அதற்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். ஒன்று, நீளமும் ஒலிப்பும். ஏழெழுத்துக் கொண்டு ஞகர மெய்யும் ழகரமும் அமைந்த பெயர் அழைக்கும்போது ‘செழியா’ எனக் குறுகுவது இயல்பு. அக்குறுவடிவமே தனிப்பெயராக வழங்கலாயிற்று. இரண்டு, ஒருவரோடு ஒன்றிய நிலை. பொதுவாழ்வில் புகழ்பெற்ற ஒருவரின் பெயராகவே அது ஒலித்தமையால், அதனை இடுவது அரசியல் சார்பை அறிவிப்பதாகவும் கொள்ளப்படலாயிற்று. மூன்று, உறவுப்பெயர்களின் போட்டி. செழியன், இளஞ்செழியன் முதலியன அதே பொருண்மையைச் சுருங்கிய அல்லது மென்மையான வடிவில் தந்தன. இளஞ்செழியன் என்னும் பெயர் இலங்கைத் தமிழரிடையேயும் வழங்குகிறது.

ஆகவே ஒரு பெயரின் செல்வாக்கை அதனைத் தாங்குவோர் தொகையால் மட்டும் அளத்தல் பொருந்தாது. நெடுஞ்செழியன் தான் அருகியிருந்து, தன்னினின்று பிரிந்த வடிவங்களைப் பெருக்கிய பெயர்.

முடிவுரை

மாங்குளத்தில் வழங்குபெயராகவும், சங்க நூல்களில் சிறப்படைகளால் வேறுபடுத்தப்பட்ட இயற்பெயராகவும், செப்பேட்டில் பட்டமாகவும், நிகண்டில் ஒருபொருட் பன்மொழியாகவும், இருபதாம் நூற்றாண்டில் கொள்கைவழித் தெரிந்தெடுத்த ஆட்பெயராகவும் நெடுஞ்செழியன் ஐந்து நிலைகளைக் கடந்துள்ளது. இடைப்பட்ட நூற்றாண்டுகளில் தந்தை மகனுக்கு இட்ட தொடர்ச்சி இல்லை. ஏடும் அச்சும் அதன் இடத்தை நிரப்பின. எனவே மன்னர் பெயர் தாங்கிய இன்றைய தமிழ்ப்பெயர்களை மரபுத் தொடர்ச்சிக்குச் சான்றாகக் காட்டும் முன், அப்பெயர் கோயில் வழி வந்ததா, பதிப்பு வழி வந்ததா எனப் பிரித்தறிதல் இன்றியமையாதது. மாறன், வழுதி, கிள்ளி, சென்னி முதலிய பெயர்களையும் இவ்வேறுபாட்டின் அடிப்படையில் ஆராய்ந்தால் தமிழ்ப் பெயரிடு மரபின் முறிவுகளும் மீட்சிகளும் மேலும் தெளிவுறும்.